வானத்துக்கு டச்சிங் பார்த்த கதை

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கவிழ்த்ததைப் பிறகு சொல்கிறேன். வரிசை மாறினால் என்னை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

நாலாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்பாள் என் மனைவி ராஜாத்தி. அது எந்தத் தெருவில் இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது.) சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் பெருக்க ஆரம்பித்தவன், கழித்துப்போட்ட மூன்று லேத்துகளின் உறுப்புகளைச் சேர்த்து எனக்கென்று ஒரு லேத்து கட்டினேன். மூன்றும் மூன்று தேசத்துச் சரக்கு. ஒன்றின் மரை இன்னொன்றில் ஏறாது. ஏற்றினேன். அதை வைத்து மயிலாப்பூரில் தகரக் கூரை போட்டுப் பட்டறை தொடங்கினேன். அடையாற்றில் மூன்று என்ஜினியர்கள் கைகழுவிவிட்ட தண்ணீர்ப் பம்பை ஒரே ராத்திரியில் ஓட வைத்தேன். ஒரு காலை இழந்த தையல்காரர் ஒருவருக்கு ஒற்றைக் காலால் மிதிக்கிற மாதிரி மிஷினை மாற்றிக் கொடுத்தேன், சாகும்வரை அதில்தான் தைத்தார். கடைசியாகப் பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி வைத்து ஒரு டெலஸ்கோப் கட்டினேன். அந்தக் காலத்து மெட்ராசில் ஒரு தனி ஆளின் மொட்டைமாடியில் அவ்வளவு பெரியது வேறு இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டிருந்தால் பதினான்கு அங்குலத்தில் கட்டியிருப்பேன்.

இத்தனையும் செய்த அதே ஆள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நிறைந்த சபையில், ஒரு கறுப்புக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் திறந்து காட்டிவிட்டு நின்றேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பட்டாபி சார். மயிலாப்பூர்க்காரர், ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பித்தளைக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, இதுக்குள்ள இன்னொரு குழாய் வழுக்கிண்டு போகணும். ஆனா ஒரு நூல்கூட ஆட்டம் இருக்கப்படாது. ஆத்துல டெலஸ்கோப் பண்ணிண்டிருக்கேன்."

"எதுக்கு சார், டெலஸ்கோப்பு?"

"சனி கிரகம் பாக்க."

"சனிய தேடிகினு வேற போவணுமா? அதான் எல்லார் ஜாதகத்துலயும் குந்திகினு கீதே."

அவர் சிரிக்கவில்லை. குழாயைக் கடைந்து கொடுத்ததும் என்னை மாடிக்கு அழைத்துப்போய்ச் சனியைக் காட்டினார். வளையம் என்றால் அப்படி ஒரு வளையம். ஒரு பிசிறு கிடையாது. லேத்தில் போட்டு எண்ணெய் விட்டுக் கடைந்தது மாதிரி. நான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் யாரு சார் பண்ணது?" என்று கேட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

பட்டாபி சார் ஒரு வானவியல் சங்கத்துக்குச் செயலாளர். தி. நகரில் ஒரு பள்ளிக்கூட மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். என்னைப் பார்த்ததும் மரியாதையாகத்தான் பேசினார். "உறுப்பினர் ஆகணும்னா எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்கணும், அது விதி. நீங்க தாராளமா வரலாம், பார்வையாளரா."

பார்வையாளர் என்றால் கடைசி பெஞ்சு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கம். அது பரவாயில்லை. கூட்டம் தொடங்குமுன் கையெழுத்து நோட்டு ஒன்று சுற்றி வரும். என்னிடம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் என் மடிக்கு மேலே கையை நீட்டி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். வாராவாரம் அந்த நோட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். தமிழில் அழகாகப் போடுவேன்.

ஒரு வாரம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் காட்டினார்கள். அதில் விண்மீன்களுக்கு நடுவே புகை மாதிரி ஒரு படம். நெபுலா என்றார்கள். நட்சத்திரம் பிறக்கிற இடமாம். நான் எழுந்து நின்று, "இத்த மாதிரி நம்ம சங்கத்துல யாராச்சும் போட்டோ புடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

தலைவர் சொன்னார்: "அதுக்கெல்லாம் பெரிய கண்ணாடி வேணும். சின்ன டெலஸ்கோப்புல ஆகாது."

"நான் புடிச்சிகினு வந்தா?"

"கொண்டு வாங்க. ஆண்டுவிழாக் கண்காட்சியில மாட்டி, படத்துக்குக் கீழே உங்க பேரைப் போட்டு, விதியையும் திருத்தி, உங்க ஃபாரத்துல அங்கேயே கையெழுத்துப் போடறேன்."

சொன்னவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

கப்பலிலிருந்து கழித்த வட்டக் கண்ணாடி இரண்டு கிடைத்தது. ஒரு ட்ரம்மில் மணல் நிரப்பி, ஒரு கண்ணாடியை அதன்மேல் வைத்து, அதற்கு மேலே மற்றதை வைத்து, நடுவில் சாணைத் தூளும் தண்ணீரும் விட்டு, முன்னும் பின்னும் தள்ளியபடியே ட்ரம்மைச் சுற்றி வரவேண்டும். அப்படிச் சுற்றினால் மேல் கண்ணாடியில் மெல்லக் குழி விழும். நாலு மாதம் சுற்றினேன். ராஜாத்தி சோற்றுத் தூக்கோடு வந்து நின்று பார்ப்பாள்.

"கோயில சுத்தனாலாச்சும் புண்ணியம் கெடைக்கும். ட்ரம்ம சுத்தி இன்னாய்யா கெடைக்கப் போவுது?"

"வானம்."

"நேத்து மழை பேஞ்சப்போ கூரைல ஓட்டை வழியா வந்துச்சே, அந்த வானமா?"

குழி தலைமுடிப் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது என்றார் பட்டாபி சார். ஒரு சவர பிளேடும் சிம்னி விளக்கும் வைத்துச் சோதிப்பார். பிசகியிருக்கிறது என்பார். மறுபடி சுற்றுவேன். ஆறாவது தடவை சோதித்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் வெள்ளிப் பூச்சு, ஐந்தடித் தகரக் குழாய், தாங்குவதற்கு லாரியின் பின் அச்சு. எட்டு பேர் சேர்ந்து என் வாடகை வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினோம். ஏதோ பீரங்கி என்று நினைத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போட்டோ எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நெபுலா மங்கலானது. ஃபிலிமில் பதிய அரை மணிநேரம் கேமராவைத் திறந்தே வைக்க வேண்டும். அதுவரை வானம் நமக்காக நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்ன டெலஸ்கோப்பைக் கட்டி, அதன் கண்ணில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மயிரை ஒட்டி, ஒரு நட்சத்திரத்தை அந்தச் சந்திப்பில் நிறுத்தி, அது விலக விலகக் கைப்பிடியைச் சுற்றிக் குழாயையும் நகர்த்த வேண்டும். என் கை லேத்துப் பிடித்த கை, முரட்டுக் கை. சுற்றினால் இரண்டு சுற்று கூடுதலாகப் போகும். முதல் படத்தில் நட்சத்திரமெல்லாம் இடியாப்பமாக வந்தது.

ராஜாத்தி என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். "தள்ளு. எனுக்கு மாவரைச்ச கை." அந்த இரண்டு மயிரும் அவளுடையதுதான்.

அந்த மார்கழியில் பதினோரு தடவை முயன்றோம். ஒருநாள் பனி இறங்கிக் கண்ணாடி வேர்த்தது. ஒருநாள் தெருவில் பஸ் போய் எல்லாம் அதிர்ந்தது. இன்னொரு நாள், இருபது நிமிடம் பொறுமையாகப் பிடித்த பிறகு, பக்கத்து மாடியில் மார்கழிப் பனியிலும் வடாம் போட்டிருந்த ஒரு மாமி, அது காய்ந்ததா என்று டார்ச்சு அடித்துப் பார்த்தார். நெபுலா இருந்த இடத்தில் வடாம் வெளிச்சம் பதிந்தது. எங்களுக்கு உதவி செய்தது மின்சார வாரியம் ஒன்றுதான். அந்த வருஷம் கடுமையான மின்வெட்டு. ஊரே மெழுகுவத்தியும் கையுமாகத் திட்டிக்கொண்டிருக்கும், நான் மட்டும் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டாவது தடவை அமைந்தது. மாலையில் ஒரு தூறல் போட்டு வானத்தைக் கழுவியிருந்தது. கரண்டும் போயிற்று. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே அந்தப் புகை. ராஜாத்தி கைப்பிடியைப் பிடித்தாள். முப்பது நிமிடம் அவள் இமைத்ததாகவே தெரியவில்லை. அவள் கழுத்தில் கொசு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அடித்தால் ஆடிவிடும் என்று கொசுவை விட்டுவிட்டேன். (இதற்கு இன்றுவரை மன்னிப்பு இல்லை.)

ஃபிலிமைத் தி. நகரில் தனபாலிடம் கொண்டு போனேன். கேமராவே அவனிடம் இரவல் வாங்கியதுதான். சின்ன ஸ்டுடியோ, அவன் ஒருவன்தான் முதலாளியும் தொழிலாளியும். ஆனால் அவனை ஊரில் டச்சிங் தனபால் என்பார்கள். அந்தக் காலத்தில் அம்மை போட்டுத் தழும்பான பெண்கள் அதிகம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ கொடுப்பதற்கு முன் தாய் தகப்பன் தனபாலிடம்தான் வருவார்கள். அவன் ஃபிலிமைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஊசி மாதிரித் தீட்டிய கத்தியால் ஒவ்வொரு தழும்பாகச் சுரண்டி எடுத்துவிடுவான். முகம் துடைத்த குத்துவிளக்காகிவிடும். வருகிறவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள், அவனும் கேட்க மாட்டான். அது அந்தத் தொழிலின் நாகரிகம்.

ஃபிலிமைக் கழுவி ஈரத்தோடு தூக்கிப் பிடித்தான். நானும் பார்த்தேன். ஃபிலிமில் எல்லாம் தலைகீழாகத்தானே தெரியும்? வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள், நடுவில் கறுப்புப் புகை. வந்துவிட்டது.

"இன்னா நைனா இது, வெளிச்சமே பத்தல. பூரா புள்ளியா கீது. யாரு படம்?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் ஆண்டுவிழாவரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருந்தேன். ஷோகேசில் ஒரு காப்பி மாட்டிவிட்டானானால் என்ன ஆவது? ஆகவே பெரிய மனிதன் தோரணையில் சொன்னேன்: "யாருன்னு கேக்காத. பெரிய எடத்து சமாச்சாரம். ஞாயித்துக்கெழம பெரிய மனுசாளுங்க முன்னால வெக்கணும்."

அவன் புரிந்தது என்று தலையாட்டினான்.

அத்தோடு விட்டேனா? ஃபிலிமின் ஓரத்தில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. என் பட்டறையில் பிசிறோடு ஒரு சாமானை நான் வெளியே அனுப்பியதில்லை. அந்தத் தூசியைத் தொட்டுக் காட்டி, "தோ, இத்த மாதிரி ஒரு புள்ளி, ஒரு கறை இருக்கக் கூடாது. ஃபினிஷிங் முக்கியம்" என்றேன். அதற்கும் மேலே போய், "காயிதத்துல பண்ணாத. ஃபிலிம்லயே பண்ணிடு. நாளைக்கி நூறு காப்பி போட வேண்டி வரும்" என்றேன்.

"அப்ப மூணு நாள் ஆவும்."

"ஆவட்டும்."

சைக்கிளில் ஏறினேன். பின்னாலிருந்து அவன் ஏதோ கேட்டான். நூறு காப்பி ஆசாமி திரும்பிப் பார்க்கலாமா? மிதித்துக்கொண்டே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டம் போட்டுப் பழுப்புக் காகிதம் சுற்றிக் கட்டி வைத்திருந்தான் தனபால். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. "நைனா, பதினஞ்சு வருசமா தொழில் பண்றேன், இப்பிடி ஒரு வேல பண்ணதில்ல" என்றான். பிரித்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சபையில்தான் பிரிக்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன். நானும் வரேன் என்றான் தனபால். சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, சைக்கிள் ரிக்ஷாவில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டான். வழி முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி வந்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கிறான்.

அடையாற்றுப் பள்ளி ஒன்றின் ஹாலில் கண்காட்சி. சங்கத்தார், கல்லூரி மாணவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லாரும் கூடியிருந்தார்கள். பட்டாபி சார் காதில் போட்டு வைத்திருந்ததால் தலைவர் மைக்கில், "நம் பார்வையாளர் திரு. கோவிந்தன் நெபுலாவைப் படம் பிடித்திருக்கிறார்" என்றார். உறுப்பினர் ஃபாரமும் பேனாவும் அவர் சட்டைப் பையில் தயாராக இருந்தன. அதை நான் கண்ணால் பார்த்தேன். காகிதத்தைக் கிழித்தேன்.

கறுப்பு. புதுத் தோசைக்கல் மாதிரிக் கறுப்பு. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரு புள்ளி, ஒரு கறை இல்லை. ஃபினிஷிங் அப்பழுக்கில்லாமல் இருந்தது. சட்டத்துக் கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிந்தது.

முதல் வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தலைவர் குனிந்து பார்த்தார், எட்டி நின்று பார்த்தார். "மிஸ்டர் கோவிந்தன், நெபுலா எங்கே?"

என் வாயிலிருந்து வந்த பதிலை எழுதக் கூசுகிறது. "ரொம்ப தொலைவுல கீது சார்" என்றேன்.

அப்போது தனபால் முன்னால் வந்தான். பாராட்டு வாங்கிக்கொள்ளத்தான் வந்தான். "ஐயா, ஃபிலிமுல பாத்திருந்தா பயந்திருப்பீங்க. இருட்டுல எடுத்த படம், மூஞ்சி கறுப்பாத்தான் வுழும், அதுல முகம் பூரா தழும்பு. ஒண்ணு வுடல. நடுவுல பூஞ்சக் காளான் புடிச்ச மாதிரி பெரிய கறை ஒண்ணு, அத்த எடுக்கவே ஒண்ணர நாளு." பிறகு என் பக்கம் திரும்பி, "மூக்குத்திய வுடட்டுமா எடுக்கட்டுமான்னு கூட கேட்டேன் நைனா, நீ போய்க்கினே இருந்த. அதான் அத்தயும் எடுத்துட்டேன்" என்றான்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பட்டாபி சார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனது தெரியும். ஹாலே சிரித்தது. தனபாலுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "இன்னா நைனா, மாப்ள வூட்டுக்காரங்க சிரிக்கிறாங்க?" என்றான்.

சிரிக்காமல் இருந்தவர் தலைவர் ஒருவர்தான். "அந்தக் கறை எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?" என்று தனபாலைக் கேட்டார்.

"மூணு நாள் அந்த மூஞ்சியோடதானே சார் குடித்தனம் பண்ணேன்." தனபால் சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பென்சிலை எடுத்து, சட்டத்தைக் கழற்றி, கறுப்புக் காகிதத்தின் மேலேயே போட ஆரம்பித்தான். "இங்க விசிறி மாதிரி விரிஞ்சிருந்துச்சி. இந்தாண்ட மீனு வாயத் தொறந்தாப்ல ஒரு வெட்டு. மேல தனியா ஒரு குட்டிக் கறை, கமா போட்ட மாதிரி. தோ கீழ, இதான் மூக்குத்தி. இங்க ரெண்டு, இங்க மூணு…"

கூட்டம் மெல்ல அடங்கியது. தலைவர் பெரிய வான வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் விரித்தார். விரலை அங்கே ஒன்று, இங்கே ஒன்று வைத்துக்கொண்டே போனார். விசிறி இருந்தது. மீன் வாய் இருந்தது. கமா இருந்தது. மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வானத்தை அண்ணாந்தே பார்க்காத ஓர் ஆள், என் கண்ணாடி பிடித்ததை எல்லாம், எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். ஆயிற்று, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"அசாத்தியம்" என்றார் தலைவர். "என்ன படிச்சிருக்கீங்க?"

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சார். அதுக்கு மேல வூட்ல படிக்க வெக்கல."

தலைவர் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். எனக்காகக் கொண்டுவந்த அதே ஃபாரம். அதில் தனபால் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். படத்துக்குக் கீழே சீட்டு ஒட்டினார்கள்: "நெபுலா. வரைந்தவர்: தனபால், உறுப்பினர்."

என்னிடம் வந்து தோளைத் தொட்டார். "போட்டோதானே நம்ம பேச்சு, மிஸ்டர் கோவிந்தன். இது டிராயிங் ஆயிடுத்தே." நியாயமான மனிதர். அவருடைய நியாயம்தான் என்னைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து ராஜாத்தியிடம் சொன்னேன். "முப்பது நிமிசம் அத்தயே பாத்துகினு இருந்தேன்யா" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும்வரை சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மார்கழிக்கு எண்ணெ கிண்ணெ போட்டு வெய்யி. கைப்பிடி கிறீச்சுங்குது" என்றாள்.

அடுத்த மார்கழியில் எடுத்தேன். குளியலறை ஜன்னலுக்குச் சாக்கு கட்டி நானே ஃபிலிமைக் கழுவினேன். முதல் படத்தைவிட அருமையாக வந்தது. தலைவர் சொன்னபடி விதியைத் திருத்திக் கையெழுத்தும் போட்டார். அந்தப் படம் என் வீட்டுக் கூடத்தில் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தொங்குகிறது. வருகிற ஒருவராவது அதைப் பற்றிக் கேட்க வேண்டுமே? "அந்தத் துடைச்ச படத்துக் கதையைச் சொல்லுங்க" என்றுதான் கேட்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, போட்டோ நான் எடுத்துப் போகிறேன் என்றேன். "வேணாம், ஒங்கப்பன் எடுத்துகினு போனா மூஞ்சியே இல்லாம திரும்பி வரும்" என்று பெண்ணிடம் சொன்னாள் ராஜாத்தி. பேரப்பிள்ளைகள் தட்டில் ஒரு பருக்கை விடாமல் தின்றால், தாத்தா ஃபினிஷிங் என்று சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். இப்போது சங்கம் ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். அட்டையில் அந்தக் கறுப்புப் படம், வெள்ளைப் பென்சில் கோடுகளோடு. கீழே தனபால் பெயர். இன்றைய செயலாளர் பிள்ளை எனக்கு போன் செய்து, "உங்க பேர் நன்றிப் பக்கத்துல வருது சார், உதவி செய்தவர்கள் வரிசையில" என்றார். வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கும் தனபாலிடம் கேட்டேன். "ஒம் பேரையும் போட்டுக்க நைனா, நானா வேணாங்கிறேன்? எனுக்கு அது பொண்ணு மூஞ்சின்னுதானே தெரியும்" என்று சொல்லிவிட்டான்.

ஆகவே எழுத்து மூலமாகக் கேட்கிறேன். நன்றிப் பக்கம் எனக்கு வேண்டாம். உதவி என்கிற சொல்லும் வேண்டாம். அட்டைப் படத்துக்குக் கீழே, தனபால் பெயர் எந்த அளவு எழுத்தில் வருகிறதோ அதே அளவில் இப்படிப் போட வேண்டும்: கண்ணாடி தேய்த்தவர், டெலஸ்கோப் கட்டியவர், படம் எடுத்தவர், லேத்து கோவிந்தன். வானத்தைப் பிடித்து நிறுத்தியவர், ராஜாத்தி. இடம் மிச்சம் இருந்தால், சுரண்டச் சொன்னவரும் மேற்படி கோவிந்தனே என்று சேர்த்துக்கொள்ளட்டும். அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் செய்தது எதையும் விடக் கூடாது.